காய் வெட்டுற ராத்திரிக்குச் சில புதுப் பாட்டுங்க

 

திருவிழா நெருங்கிடுச்சு. கோயில் மைக்செட் பாக்குற நாங்க அஞ்சு பேரும் சேர்ந்து இதை எழுதுறோம். டைப் பண்றது ஒருத்தர், திருத்துறது நாலு பேரு. எழுத்துப்பிழை இருந்தா அஞ்சு பேரையும் திட்டுங்க.

முதல்ல ஒண்ணு. காலையில கோயில் ஸ்பீக்கர்ல போடுற பாட்டு மாறாது. சீர்காழி, டி.எம்.எஸ்., சூலமங்கலம் சகோதரிகளோட கவசம், அம்மனுக்கு எல்.ஆர்.ஈஸ்வரி. அதுல நாங்க கை வைக்க மாட்டோம், பெரியவங்க பயப்பட வேண்டாம். இது அன்னதானத்துக்கு முந்தின ராத்திரி, மண்டபத்துல உக்காந்து காய் வெட்டுறப்போ கேக்குறதுக்கு.

போன வருஷம் காய் வெட்ட வந்தது பதினோரு பேரு. அதுல ஒன்பது பேருக்கு அம்பது வயசுக்கு மேல. முன்னெல்லாம் லயத்துல வீட்டுக்கு ஒருத்தர் வந்தாலே மண்டபம் கொள்ளாது. இப்போ பிள்ளைங்க ஈப்போ, கே.எல்., சிங்கப்பூர்னு போயிட்டாங்க. கொழுந்து எடுக்குறதே பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாக்காரங்க. லீவுக்கு வர்ற பசங்க வாசப்படியில காதுல மாட்டிக்கிட்டு ஆளுக்கு ஒரு பாட்டு கேக்குறாங்க. உள்ள பாட்டிமாருங்க ஆளுக்கு ஒரு கூடை வெங்காயத்தோட உக்காந்திருக்காங்க. ரெண்டு பக்கமும் ஒரே பாட்டைக் கேட்டா என்னன்னு தோணுச்சு. எங்கள்ல மூணு பேருக்கு தேயிலை பேக்டரியில வேலை. நைட் ஷிப்டுல கொழுந்து வாடுற வரைக்கும் காத்திருக்கணும் இல்லையா, அந்த நேரத்துல கேட்டுக் கேட்டுப் பொறுக்கினது இதெல்லாம். ரோலர் ஓட ஆரம்பிச்சா அப்புறம் ஒண்ணும் கேக்காது.

முதல்ல ‘எஞ்சாய் எஞ்சாமி’. 2021 மார்ச்ல வந்தது. தீயும் அறிவும் பாடினது, சந்தோஷ் நாராயணன் இசை. பசங்களுக்கு மனப்பாடம். கமிட்டியில ஒரு ஐயா, "இது ராப்பு, மண்டபத்துல வேணாம்"னு சொன்னாரு. சரின்னு, மண்டபம் கழுவுற ஒரு சனிக்கிழமை சோதனைக்குப் போட்டோம். நடுவுல ஒப்பாரி மாதிரி ஒரு இழுப்பு வரும். நாப்பது வருஷம் கொழுந்து எடுத்த ஒரு பாட்டி துடைப்பத்தைக் கீழ வச்சுட்டு, "இது யாரு வீட்டு ஒப்பாரிய்யா?"ன்னு கேட்டாங்க.

யாரு வீடுன்னு சொன்னோம். அந்த அறிவோட பாட்டி இலங்கையில தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சு, பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தவங்க. 1964ல சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டாங்க, அதுல 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கணும்னு முடிவாச்சு. காட்டை வெட்டித் தோட்டமாக்கின சனங்களைக் கணக்குப் போட்டுப் பிரிச்சாங்க. பாட்டி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எங்க சின்னாயி சிலோனுக்குப் போனவ. எங்க ஆத்தா மலாயா வந்துச்சு. ஒரே ஊரு, ரெண்டு கப்பலு. அப்புறம் சேதியே இல்ல"ன்னாங்க. மறுபடியும் போடச் சொல்லி மூணு தடவை கேட்டாங்க. அந்த ஐயா இப்போ ஒண்ணும் சொல்றதில்ல.

வடிவேலு பாடின ‘ராசா கண்ணு’ கேளுங்க. 2023ல வந்த மாமன்னன் படம், ஏ.ஆர்.ரகுமான் இசை, யுகபாரதி எழுதினது. வடிவேலு குரல்னதும் சின்னதுங்க சிரிக்க ரெடியாவுங்க. ரெண்டு வரி போனதும் சிரிப்பு நின்னுடும். அதே வருஷம் விடுதலை முதல் பாகத்துல இளையராஜா போட்ட ‘ஒன்னோட நடந்தா’, தனுஷும் அனன்யா பட்டும் பாடினது. மலங்காட்டுப் பாட்டு. பிரிஞ்சாங் பனியில ராத்திரி இதைக் கேட்டா வேற ஒண்ணும் வேணாம்.

கர்நாடக சங்கீதம் நமக்கு ஒத்து வராதுன்னு சொல்றவங்களுக்கு டி.எம்.கிருஷ்ணாவோட ‘சென்னை பொறம்போக்கு பாடல்’. 2017ல வந்தது, வரிகள் கபேர் வாசுகி. சபாவுல பாடுறவரு எண்ணூர் கழிமுகத்துல நின்னுகிட்டு மெட்ராஸ் பாஷையில பாடுறாரு, ராகம் மாறி மாறி வரும். பொறம்போக்குன்னா திட்டு இல்ல, எல்லாருக்கும் பொதுவான நிலம்னு அப்பத்தான் நம்ம பசங்களுக்குத் தெரிஞ்சுச்சு. தண்ணி போற இடத்தை மூடினா தண்ணி எங்க போகும்னு கேக்குற பாட்டு. 2013 அக்டோபர்ல ரிங்லெட் அணையைத் திறந்து விட்டப்போ பெர்தாம் வேலி பட்ட பாட்டைப் பார்த்தவங்களுக்கு விளக்கம் தேவையில்ல.

நம்ம நாட்டுப் பாட்டு இல்லாம எப்படி? யோகி பி - நட்சத்ராவோட ‘மடை திறந்து’, 2006ல வந்த வல்லவன் ஆல்பம். 1980ல நிழல்கள் படத்துல இளையராஜா போட்டதை நம்ம மலேசியப் பசங்க ராப்பாக்கி, தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வச்சாங்க. புதுசு இல்லைதான். ஆனா இப்போ பதினஞ்சு வயசு ஆவுறதுங்களுக்குப் புதுசு. அப்பாமாருங்களுக்கு இது வாலிப காலம். ஒரே பாட்டுக்கு ரெண்டு தலைமுறையும் தலையாட்டுறதை நாங்க பார்த்திருக்கோம்.

கடைசியா, வேலை முடிஞ்சு பாத்திரம் கழுவுற நேரத்துக்கு இளையராஜாவோட ‘திருவாசகம்’. 2005ல புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வச்சுப் பண்ணினது. மாணிக்கவாசகருக்கு வயலினும் கோரஸும் எதுக்குன்னு கேக்குற ஆளு எங்கள்ல ஒருத்தர் இருக்காரு, இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காரு. மத்த நாலு பேரும் ஒத்துக்கலை. நீங்க கண்ணை மூடிக் கேட்டுட்டு யார் பக்கம்னு சொல்லுங்க.

குத்துப் பாட்டு கேட்டவங்களுக்கு: இருக்கு, பத்து மணிக்கு மேல, தூக்கம் வர்றப்போ போடுவோம். கெட்ட வார்த்தை இருக்கறது மட்டும் கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும். ஒரு வீட்டுக்கு ஒரு பாட்டு நீங்களும் சொல்லலாம். பாட்டி சொன்னாலும் சரி, பேரன் சொன்னாலும் சரி, வரிசைப்படி போடுவோம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு மண்டபத்துக்கு வந்துடுங்க. அரிவாமனை பத்தாது, வீட்டுல இருந்தா எடுத்துட்டு வாங்க. காதுல மாட்டுறதை வீட்டுல வச்சுட்டு வாங்க. குளிரு ஜாஸ்தியா இருக்கு, சுவெட்டர் மறக்காதீங்க. இஞ்சி டீ நாங்க போட்டு வச்சிருப்போம்.