கேட்பாரற்ற பொருள்

உடையவர் வாராத பொருளை யாது செய்வது என்னும் வினா பழையது. சென்ற மார்கழியில் அது புளியந்தோப்பிலுள்ள எமது சிற்றில்லத்திற்குப் புது வடிவில் வந்தது.

எம் தமையனார் கைப்பேசியில் ஒரு பிளாக்செயின் விளையாட்டு ஆடுபவர். அதில் வென்றோர்க்கு டோக்கன்கள் அளிக்கப்படும். அவற்றைச் சந்தையில் விற்கவுங் கூடும். பலர் தமக்குரியவற்றைப் பெறாமலே விட்டிருந்தனர். அவற்றை எரிப்பதா, தவணையை நீட்டிப்பதா என்று டோக்கன் உடையோரிடம் வாக்குக் கேட்கப்பட்டது. எரித்தலாவது, எவரும் மீட்கவியலாத முகவரிக்கு அனுப்பிவிடுதல். எண்ணிக்கை குறையின் எஞ்சியவற்றின் விலை ஏறலாம்.

"வாராதவர் வேண்டாதவரே, எரிக்கவே வாக்களிப்பேன்" என்றார் தமையனார். அவர் சேர்த்தவை எமது தேர்வுக் கட்டணத்திற்கென வைத்தவை. ஆதலின் எமக்கும் அது நியாயமென்றே தோன்றிற்று.

மூலையில் அமர்ந்திருந்த பாட்டியார், "அப்போ நானும் வேணாம்னு விட்டவதானா, கண்ணு?" என்றார்.

நாம் தலைகுனிந்தோம். அவர் இட்டிலி விற்றுச் சேர்த்த பணம் ஒரு பாங்கியில் நெடுங்காலம் கிடந்தது. கிளை இடம் மாறிற்று. அவருக்கோ கால் வீங்கிற்று. புத்தகத்திலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒவ்வவில்லை. புத்தகம் வேதாகமத்தினுள்ளே கிடக்க, ஆண்டுகள் கடந்தன.

10 ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத் தொகையைப் பாங்கிகள், ரிஸர்வ் பாங்கி 2014-இல் அமைத்த நிதிக்கு அனுப்புகின்றன. ஆயினும் உரியவரோ வாரிசோ பின்னர் வந்து கேட்பினும் உரிமை அழிவதில்லை. அத்தகைய தொகைகளைத் தேடுதற்கென்றே 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்னும் இணையத்தளம் திறக்கப்பட்டது. அதன் வழியே கணக்கைக் கண்டு, மும்முறை அலைந்து, பாட்டியார் தம் பணத்தைப் பெற்றார்.

டோக்கன் உலகிலும் எரித்தல் ஒன்றே வழியன்று. இணையப் பெயர்களைப் பதியும் ஈ.என்.எஸ். என்னும் அமைப்பு, 2021 நவம்பரில் வழங்கிய டோக்கன்களைப் பெற 2022 மே 4 வரை தவணை கொடுத்தது. எஞ்சியவை அதன் பொதுக் கருவூலத்தைச் சேர்ந்தன. எரித்தலினும் இது நன்று. உரிமையை அழியாது காத்தல் அதனினும் நன்று. வாராமைக்கு நோய், அறியாமை, தொலைவு எனக் காரணம் பலவாகலாம். வாராதவரெல்லாம் வேண்டாதவர் ஆகார்.

தமையனார் தவணை நீட்டிக்கவே வாக்களித்தார். ஆயின் எரிக்கவேண்டுமென்ற கட்சியே வென்றது. விலையும் சிறிது ஏறிற்று. அவர் விற்றுத் தந்த பணத்தால் எமது தேர்வுக் கட்டணம் செலுத்தப்பட்டது. ரசீதைப் பாட்டியாரிடம் காட்டினோம். அவர் ஒன்றும் வினவவில்லை. முன்பு வினவியதற்கே இன்னும் எம்மிடம் விடையில்லை.