முதலில் வீதி, பிறகு மனை: புதுச்சேரி தரும் பாகப்பிரிவினைப் பாடம்

பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்து பெரிய மார்க்கெட்டுக்குக் காய்கறி கொண்டு வருபவர்கள் புதுச்சேரி நகரத்தில் வழி தவறுவது அரிது. காந்தி வீதியும் மிஷன் வீதியும் தெற்கு வடக்காக ஓடுகின்றன. நேரு வீதி கிழக்கே கடலை நோக்கிப் போகிறது. பாத்தி கட்டிய வயலைப் போல, நகரின் பழைய பகுதி முழுவதும் கட்டம் கட்டமாக இருக்கிறது.

இது பிரெஞ்சுக்காரர்களின் வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கட்டம் போட்டு வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1693-ல் புதுச்சேரியைப் பிடித்த அவர்கள், 1699 வரை வைத்திருந்தார்கள். 1694-ல் அவர்கள் தயாரித்த வரைபடங்கள் நெதர்லாந்து ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரலாற்று ஆய்வாளர் ழான் தெலோஷ் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். முதலில் நேர்கோட்டில் வீதி. அதன் பிறகே நெசவாளர் முதலானோருக்குத் தொழில், சாதி வாரியாக மனை. வெள்ளாளர் வீதி, செட்டி வீதி என்ற பெயர்களில் அந்தப் பிரிவினை இன்றும் தெரிகிறது. பெரிய வாய்க்காலும் மழைநீரை வடிப்பதோடு நிற்கவில்லை. வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் எல்லையாகவும் இருந்தது.

1761-ல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தள்ளினார்கள். 1765-ல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள், பழைய வீதிக் கோடுகளின் மேலேயே மீண்டும் கட்டினார்கள். வீடுகள் போயின, வீதிகள் நிலைத்தன.

காட்டைத் திருத்திய ஊர்கள்

ஜெர்மன் மொழி பேசுவோர் 12, 13-ம் நூற்றாண்டுகளில் கிழக்கே காடு திருத்திக் குடியேறியபோதும் இதே ஒழுங்கு இருந்தது. ஓடையை ஒட்டி ஒரு பாதை. பாதையோரம் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் காடு வரை நீளும் ஒரே துண்டு நிலம். 'ஹூஃபே' எனப்பட்ட அந்தப் பங்கு பல ஊர்களில் சுமார் 24 எக்டேர், அதாவது 60 ஏக்கர் அளவு இருந்தது. யாரும் அடுத்தவர் நிலத்தை மிதிக்காமல் தன் வயலுக்குப் போகலாம்.

நம் காணிக்கு வந்தால்...

24 அடிக் கோலால் அளந்தால், ஒரு குழி 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. 240 அடிக்கு 240 அடி சதுரமான ஒரு காணியை அண்ணன் தம்பி மூவர் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். பாதையிலிருந்து உள்நோக்கி 80 அடி அகலத்தில் மூன்று நீளத் துண்டுகளாக்கினால், மூவருக்கும் பாதை உண்டு. குறுக்கே பிரித்தால் முன்துண்டுக்காரருக்கு மட்டுமே பாதை. மற்ற இருவரும் வண்டி ஓட்டவும் அறுவடை இயந்திரம் கொண்டுபோகவும் அவர் தயவை எதிர்பார்க்க வேண்டும். உறவு நன்றாக இருக்கும்வரை இது பிரச்னை ஆகாது. பேரன்கள் காலத்தில் வழக்காகும்.

குறுக்கேதான் பிரிக்க முடியும் என்றால், ஓரமாக 12 அடி பொதுவழி விடலாம். அதற்கு ஆகும் இடம் 2,880 சதுர அடி, அதாவது ஐந்தே குழி. மீதி 95 குழிக்கும் வழி கிடைக்கும்.

வாய்க்கால் தண்ணீருக்கும் இதே கணக்குதான். கடைசிப் பங்குக்கும் நீர் போய்ச் சேர வேண்டும். வழியையும் வாய்க்காலையும் வாய்ப்பேச்சோடு விடாமல், அளவோடு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்வது நல்லது. பங்கு போடுவது அதற்குப் பிறகுதான்.