வாய் திறந்தால் பசியா?

தஞ்சாவூர் மாவட்டத்தில் குடமுருட்டிக் கரையோர ஊர்களில் பழைய வீடுகளின் கொல்லையில் சின்னதாக ஒரு குட்டை இருக்கும். மீனுக்காக வெட்டியது அல்ல. வீட்டுக்கு மேடு போட மண் எடுத்த பள்ளம் மழையில் நிரம்பிக் குட்டையாகிவிட்டது. அப்படி ஒரு வீட்டில் 5 சென்ட் குட்டை. சுற்றிலும் தென்னை, ஒரு பக்கம் வாழை, கரையில் ஒரு துவைக்கிற கல். விடியும் முன்பே அந்தக் கல்லில் வந்து உட்கார்ந்துவிடுவார் அந்த வீட்டு அப்பாயி. காபித்தண்ணிகூட அப்புறம்தான்.

குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் உண்டு. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். ஒரே குட்டையில் மூன்றையும் வளர்க்க முடிவது அதனால்தான். யாரும் விடாமலே வந்து சேர்ந்த விரால் ஜோடி ஒன்றும் இருக்கிறது. குஞ்சு பொரித்துவிட்டால் செக்கச்செவேல் என்று பந்துபோலத் திரண்டு திரியும். தாயும் தகப்பனும் கீழே காவல். விரால், கெண்டைக் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்பதால் பிடித்து அப்புறப்படுத்துவதுதான் முறை. "குஞ்சோட இருக்கறதப் பிடிக்கக் கூடாது" என்று அப்பாயி விடவில்லை. அதில் நஷ்டம்தான், ஆனாலும் அந்த வீட்டில் அவரை மீறி யாரும் வலை எடுப்பதில்லை.

மகன் முதன்முதலாக மீன் விட்ட வருடம் நடந்தது இது. ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சுகள் என்பது கணக்கு. 5 சென்ட்டுக்கு 200 தாண்டக் கூடாது. அவர் 600 விட்டார். தண்ணீர் பச்சையாக இருந்தால் மீன் நன்றாக வளரும் என்று யாரோ சொல்ல, சாணத்தையும் கூடை கூடையாகக் கொட்டினார். ஐப்பசியில் மூன்று நாள் வெயிலே இல்லை. நான்காம் நாள் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்தார். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து இரண்டு மடங்காகப் போட்டார்.

மறுநாள் காலை ஒரு அன்னக்கூடை நிறையச் செத்த மீன். அதிலும் பெரிய மீன்கள்தான் முதலில் மிதந்தன.

மீனுக்குப் பசி இல்லை, மூச்சு முட்டியது. தண்ணீரைப் பச்சையாக்கும் பாசி, வெயில் இருக்கும்போது பிராணவாயுவைக் கொடுக்கும். இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் தண்ணீரில் காற்று மிகவும் குறைவு. மேகமூட்டத்தில் பகலிலும் வரவு இல்லை. தின்னாமல் மிஞ்சிய தீவனமும் சாணமும் அழுகி, இருந்ததையும் தீர்த்துவிட்டன. அன்று செய்திருக்க வேண்டியது, தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்திவிட்டு மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழவிடுவதுதான்.

அப்பாயி கல்லில் உட்கார ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கைதட்டிப் பார்ப்பார். மீன் சடாரென்று உள்ளே போனால் பெரிய பயமில்லை. போகாமல் அங்கேயே வாயைத் திறந்துகொண்டு நின்றால் உடனே மோட்டார். விராலைப் பார்த்து அவர் ஏமாறுவதில்லை. அது நல்ல தண்ணீரிலும் மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போய்விடும். அதன் இயல்பு அது. இப்போது குட்டையில் 200 குஞ்சுதான். மேகம் போட்ட நாளில் தீவனம் கிடையாது.

போன வருடம் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு. ஏற்கெனவே இரண்டு டியூஷன். அரையாண்டில் மதிப்பெண் குறைந்தது. பெண் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை, எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்தாள். மகன் மூன்றாவது டியூஷனுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தார். கல்லில் இருந்தபடியே அப்பாயி சொன்னார்: "அது மூச்சுக்கு வாயத் தொறக்குதுடா தம்பி. நீ தவிட்டக் கொட்டுற."

மகன் பதில் பேசவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்தும் பேசவில்லை. சனிக்கிழமை மூன்றாவது டியூஷனுக்கு வண்டியை எடுக்கவும் இல்லை. கட்டிய பணம் திரும்பி வரவில்லை என்பது வேறு கதை.

பேத்தி சில நாட்கள் விடியலில் அப்பாயி பக்கத்தில் வந்து உட்காருகிறாள். கைதட்டிப் பார்ப்பது இப்போது அவள் வேலை.