சதுரங்கப்பட்டினக் கரையில்

மாமல்லபுரம் வருவோரிற் பலர் கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடுகின்றனர். தெற்கே சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது சதுரங்கப்பட்டினம். முன்னாளில் மரக்கலங்கள் நங்கூரமிட்ட துறை அது. இன்று அங்கே கரையேறுபவை மீன்படகுகளே.

அங்கே காண்பதற்கு என்ன உண்டு? 17-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர் எழுப்பிய செங்கற் கோட்டை உண்டு. 1781-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அது அவர்களுக்கே உரியதாயிற்று. சரக்குக் கிடங்கின் சுவர்களைக் கடந்தால், கோட்டைக்குள்ளேயே டச்சுக்காரரின் கல்லறைகள். நாம் மீஸான் கல் நாட்டுவதுபோல் அவர்களும் கல் பதித்து, பெயரும் ஆண்டும் பொறித்து வைத்தனர்.

இத்தனை கடல் தாண்டி அவர்களை ஈர்த்து வந்தது எது? இவ்வட்டாரத்துத் தறிகளில் விளைந்த மெல்லிய பருத்தித் துணியன்றோ! வாங்கி விற்றவர் பெயர் கல்லில் நிலைத்துவிட்டது. இரவும் பகலும் இழை கோத்தவர் பெயரை அக்கற்களில் எங்கே தேடுவது?

அன்பர்களே, அந்தக் கல்லெழுத்துகளைப் பாருங்கள்; எழுதப்படாதவர்களையும் ஒரு கணம் எண்ணுங்கள். திரும்பும் வழியில் கைத்தறித் துணி வாங்க நேர்ந்தால், நெய்தவர் பெயரைக் கேட்டறிந்து வாருங்கள்.