இருமும் பெட்டி

ஈப்போ பாசார் காராட்டில் அந்த ஆர்மோனியத்துக்குப் பெரியவர் 300 வெள்ளி சொன்னார். 180க்குப் பேசி முடித்தேன். "தோட்டத்துல பஜனைக்கு வாசிச்சது தம்பி. ரப்பர அழிச்சு செம்பனை போட்டப்ப எல்லாரும் டவுனுக்கு வந்துட்டோம். பாட ஆள் சேரல" என்றார். குறைத்த 120 வெள்ளி வீடு வரைக்கும் உறுத்தியது.

என்னிடம் ஏற்கெனவே இரண்டு பழைய பெட்டிகள் உண்டு. வாசிக்கத்தான் தெரியாது. இன்ஜினியர், அதனால் கழற்றத் தெரியும். பித்தளை நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் நாக்கைத் தொடவில்லை, துருத்தியின் ஓட்டையை மட்டும் அடைத்தேன்.

கமகம் பேசாத வெளிநாட்டுப் பெட்டி என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. இங்கே தோட்டத்துச் சனங்களுக்கு அந்தக் குறை தெரியவில்லை.

அம்மா ஒரு கட்டையை அழுத்தினார். "எங்க தோட்டத்துப் பெட்டியும் இப்படித்தான், மொதல்ல இருமிட்டுத்தான் பாடும்" என்று சிரித்தார். பிறகு பாடினார். எனக்குத் துருத்தியை அசைக்க மட்டும்தான் முடிந்தது.

அடுத்த ஞாயிறு, சொல்லித்தரக் கேட்கலாம் என்று பெரியவரைத் தேடிப் போனேன். அவர் பாய் விரித்திருந்த இடத்தில் யாரோ பழைய கைப்பேசிகள் விற்றுக்கொண்டிருந்தார்.