மூலையில் ஓர் ஓட்டை

புது லோடு வண்டி எடுத்து 22 நாள் ஆகிறது. ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய்ப் பாத்திஹா ஓதியாகிவிட்டது. நம்பர் பிளேட்டும் வந்துவிட்டது. சீட்டின் மேலிருந்த பாலித்தீன் உறையை மட்டும் நேற்றுவரை கிழிக்கவில்லை. அது மருமகனின் உத்தரவு. மற்றபடி வண்டி வேலைக்கு இறங்கிவிட்டது. விடியற்காலையில் வாலிநோக்கம் கரையில் ஏலம் முடிந்ததும் ஐஸ் போட்ட மீன்பெட்டிகளை ஏற்றுகிறோம். சாயல்குடியிலோ ராமநாதபுரத்திலோ இறக்குகிறோம். இறக்கின பிறகுதான் தொல்லை கண்ணில் படுகிறது. பின்தொட்டியில் தண்ணீர் நிற்கிறது.

தொட்டியின் அடித்தகட்டில் நீளவாக்கில் வரிவரியாக மேடும் பள்ளமும் அழுத்தியிருக்கிறார்கள். பாரம் ஏற்றினால் தகடு வளையாமலிருக்க அந்த வரிகள் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு பள்ளமும் ஒரு வாய்க்கால். வாய்க்கால் வெட்டினவர் மடை வைக்க மறந்துவிட்டார். ஐஸ் உருகின தண்ணீர், மீன்ரத்தம், செதில் எல்லாம் அதில் நின்று, பத்து மணி வெயிலுக்குள் நாற ஆரம்பித்துவிடுகிறது. மருமகன் தென்னந்துடைப்பத்தால் தள்ளுகிறான். தண்ணீர் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போய், திரும்பி அவன் காலடிக்கே வருகிறது.

சின்னச் சின்னதாக இன்னும் உண்டு. பின்கதவின் இரண்டு கொக்கிகளையும் ஒரே நேரத்தில் தூக்கினால்தான் கதவு இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமோ ஓர் ஆள் கைவிரிப்புக்கு மேல். கயிறு கட்டும் வளையங்களைத் தொட்டிக்கு உள்பக்கமாக வைத்திருக்கிறார்கள். தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டால் வளையம் எங்கே என்று தடவிப் பார்க்க வேண்டும். போனுக்குச் சார்ஜ் போடும் துளை கியர் தண்டுக்கு நேர் எதிரே. வயரைச் செருகினால் மூன்றாவது கியர் விழாது. டாஷ்போர்டு வழவழவென்று சரிந்து கிடக்கிறது. வைத்தது எதுவும் அடுத்த வளைவில் மடிக்கு வந்துவிடும். பக்கத்து சீட்டில் கருவாட்டுச் சாக்கை வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் காரல் கருவாட்டுக்குப் பெல்ட் மாட்டிவிட்டு சிக்கல் ஊர் வரைக்கும் அமைதியாகப் போனேன்.

இவற்றில் எதுவும் வண்டியை நிறுத்திவிடும் குறை இல்லை. செருப்புக்குள் புகுந்த உப்புக்கல் மாதிரி. நடக்கலாம், ஆனால் ஒவ்வோர் அடியிலும் ஞாபகம் இருக்கும்.

விற்றவர்களிடம் போய்ச் சொன்னேன். எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பையன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அது டிசைன் சார்" என்றான். விதி என்று சொல்வதுபோல் இருந்தது. அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

நான் சிறுபையனாக இருந்தபோது டிசைன் என்றால் சேலைக் கரையிலும் கல்யாணப் பாயிலும் இருப்பது. வண்டியை ஒருவர் எங்கோ உட்கார்ந்து வரைவார் என்பதே தெரியாது. வண்டியை ஆசாரி செய்வார், அவ்வளவுதான். எங்கள் அப்பாவின் மாட்டுவண்டியை (எங்கள் பக்கத்தில் முஸ்லிம் வீடுகளில் தாத்தாவைத்தான் அப்பா என்போம், தகப்பனார் வாப்பா, தாயார் உம்மா, அண்ணன் காக்கா) வீட்டு முன்னாலிருந்த பூவரச மர நிழலில் வைத்தே செய்தார்களாம். என்ன ஏற்றப் போகிறீர்கள், உப்பா, பனங்கருப்பட்டியா, கருவாடா என்று கேட்டுக்கொண்டுதான் ஆசாரி தட்டின் நீளத்தை முடிவுசெய்தார். ஆரக்கால்களைக் குடத்தில் இறக்கி, வட்டைகளைச் சேர்த்து, இரும்புப் பட்டாவை எருவிராட்டி நெருப்பில் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்களாம். இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கும்போது முறுமுறுவென்று சத்தம் கேட்குமாம். அந்த வண்டியிலும் குறை இருந்தது. வலது சக்கரம் எத்தனை மசகு போட்டாலும் கீச்சென்று கத்தும். "இந்தா, உங்க மூத்த மகன் கத்துறான்" என்று அப்பா சொல்ல, ஆசாரி வெட்கத்தோடு வந்து கடையாணியைக் கழற்றிப் பார்ப்பாராம். குறையைச் சொல்ல ஒரு முகம் இருந்தது.

லாரிக் காலத்திலும் அது முழுசாகப் போய்விடவில்லை. அப்போதெல்லாம் லாரி வாங்குவது என்றால் எஞ்சினும் சட்டமும் வாங்குவதுதான். அதை ஓட்டிக்கொண்டு நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ போய்ப் பாடி கட்டவேண்டும். ஓனரோ டிரைவரோ அங்கே பட்டறைத் திண்ணையில் படுத்துக்கிடந்து, கொக்கி இங்கே வை, பலகையை இன்னும் அரையடி ஏற்று என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். 2005-இல் டாடா ஏஸ் வந்தது. சனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பேர் வைத்தார்கள். சின்ன முதலீட்டுக்காரனும் நாலு சக்கரத்துக்குச் சொந்தக்காரன் ஆனான். எங்கள் தெருவிலேயே எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால். அந்த நன்மையை மறைக்கக்கூடாது. ஆனால் இந்தச் சின்ன வண்டிகள் தொட்டியோடு சேர்ந்தே தொழிற்சாலையிலிருந்து வந்துவிடுகின்றன. திண்ணையில் படுத்துக்கிடந்து கொக்கியின் இடத்தைச் சொல்லும் ஆள் நடுவிலிருந்து கழன்றுபோனார்.

வாப்பாவிடம் இருந்தது ஒரு பழைய வேன். நாலாவது கையாக வந்தது. இடதுபக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே விட்டுத்தான் திறக்கவேண்டும். கண்ணாடியும் பாதிக்குமேல் இறங்காது என்பதால் அந்தச் சீட்டில் கை ஒல்லியானவர்களுக்கே இடம், அதாவது எனக்கு. வலதுபக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடிக்கும். எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஒரு தகரமூடிக்குக் கீழே கொதித்துக்கொண்டிருக்கும். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதங்களில் அந்தச் சூட்டில் உட்கார்ந்தால் கால் வெந்துபோகும். வாடை காலத்தில் அதுவே அடுப்பு. விடியலில் கடையில் வாங்கிய டீ டம்ளரை வாப்பா அந்த மூடிமேல் வைத்துவிடுவார். சாயல்குடி வரும்வரைக்கும் ஆறாது. இன்றைக்கு என் புது வண்டியில் கால் சுடவில்லை. டீ வைக்கத்தான் இடமில்லை.

அந்த வேனின் குறைகளைக் குறை என்று வாப்பா சொல்லி நான் கேட்டதில்லை. "அதுக்குக் கொணம் அப்புடி" என்பார். வீட்டில் ஒரு கோபக்கார மச்சானைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்த நாட்களில் எங்கள் கரையில் கப்பல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். குஜராத்தில் இப்படிக் கப்பல் உடைக்கும் அலங்கைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வாலிநோக்கத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு. அலங்குக் கடலில் ஏற்றவற்றம் பத்து மீட்டரைத் தொடும். பெருக்கு நேரத்தில் கப்பலை ஓட்டிக் கரையில் ஏற்றிவிடுவார்கள். மன்னார் வளைகுடா அப்படியில்லை. இங்கே ஒரு மீட்டர்கூட ஏறாது. கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் ஒரு தெரு நிற்பதுபோல் கப்பல் நிற்கும். கேஸ் வைத்து வெட்டுவார்கள். இரவில் நீலத்தீ தெரியும். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தத் தெருவில் ஒரு வீடு குறைந்திருக்கும்.

கப்பலுக்குள்ளிருந்து வந்த சாமான்கள் ஊருக்குள் விலைக்கு வரும். தட்டு, கட்டில், உயிர்காப்பு வளையம், பித்தளை விளக்கு, எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத பெயர்ப்பலகை. பொருளை உண்டாக்கின ஆட்களை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் எதை நினைத்துச் செய்தார்கள் என்பது பொருளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அலமாரிக் கதவுகள் ஆட்டத்தில் திறந்துகொள்ளாமலிருக்கத் தாழ்ப்பாள். வாசல்படி முழங்கால் உயரம், தண்ணீர் உள்ளே வராமலிருக்க. மேல்தளத்து ஓரமெங்கும் வடிதுளைகள், அலை ஏறி விழுந்தாலும் திரும்பக் கடலுக்கே போய்விடும்படி. தண்ணீர் வரும் என்று தெரிந்தவன் வைத்த துளைகள் அவை.

வாப்பா அதிலிருந்து ஒரு சாப்பாட்டு மேசை வாங்கிவந்தார். நல்ல தேக்கு. நான்கு பக்கமும் விரல்கடை உயரத்துக்கு விளிம்பு எழுப்பியிருந்தார்கள். கப்பல் சாய்ந்தால் தட்டு நழுவி விழாமலிருக்க. நாங்கள் அதில் கோலிக்குண்டு உருட்டினோம், ஒன்றும் கீழே விழவில்லை. உம்மாவுக்குத்தான் ஆகவில்லை. துடைத்தால் சோற்றுப் பருக்கையும் மீன்முள்ளும் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். "கடல்ல ஆடுறவுகளுக்குச் செஞ்சத நெலத்துல கொண்டாந்து போட்டா இப்புடித்தான்" என்று தினமும் சொல்வார். அதே விளிம்பு, அதே மேசை. கப்பலில் அறிவு, எங்கள் வீட்டில் தொல்லை. ஒரு பொருளின் குறை பாதி அந்தப் பொருளில் இல்லை, அது வந்துசேர்ந்த இடத்தில் இருக்கிறது என்பதை உம்மாவிடம்தான் கற்றேன். கடைசியில் ஆசாரியை அழைத்து ஒரு மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு விளிம்பை வெட்டச் சொன்னார். வாப்பா வேண்டாம் என்றார், தேக்கு பாழாகிறதே என்று. உம்மா கேட்கவில்லை. அன்றிலிருந்து துணியால் ஒரு தள்ளு. பருக்கையெல்லாம் அந்த வழியாகத் தட்டில் விழுந்துவிடும்.

வாப்பா ஒன்றும் சொல்லாமல் அந்த வெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. அடுத்த வாரம் வேனின் பின்தளத்தில், இடது பின்மூலையில் ஓர் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஐஸ் தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். நாம் இடதுபக்கம் போகிறோம். ஏற்றம் ஏறினால் எல்லாம் பின்னுக்கு வரும். அதனால் இடது பின்மூலை. ஓட்டைக்குப் பூவரசங்கொப்பைச் சீவி ஓர் அடைப்பான் செய்தார். வள்ளத்துக்கு ஆகும் மரம், தண்ணீரில் ஊறினால் இறுகும், அழுகாது. ஊருக்குள் வரும்போது அடைத்திருக்கும். உப்பளத்துப் பக்கம் ஆளில்லாத பொட்டலில் நிறுத்திப் பிடுங்கிவிடுவார். சில நாள் திரும்ப அடைக்க மறந்துவிடுவார்.

அந்த வேன் எப்படிப் போயிற்று என்று பெரிய கதை ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் இரும்பு நீண்டநாள் வாழாது. 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பாத்திகள் மாரியூர் வரைக்கும் கிடக்கின்றன. 2014-இல் அம்மா உப்பு என்று பாக்கெட்டில் வந்ததும் இங்கே விளைந்ததுதான். வெண்மையாக அம்பாரம் குவிந்திருக்கும்போது பார்க்க அழகு. காற்றில் வருவதும் அதே உப்புதான். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டைத் தின்னும். வேனின் அடித்தகடு முழுதும் அரித்துப்போனபிறகும் அந்த ஓட்டையைச் சுற்றின இடம் மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருந்தது, தண்ணீர் நிற்காத இடம் என்பதால். கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். கப்பல்களும் அப்படித்தான் போயின. கரையில் இப்போது கப்பல் இல்லை. பூவரசும் இல்லை, தெருவைச் சிமெண்டு போட்டபோது வெட்டிவிட்டார்கள். வாப்பாவும் உம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

மேசை இருக்கிறது. மூலையிலிருக்கும் அந்த வெட்டு, உம்மாவின் துணி பட்டுப்பட்டு வழவழப்பாகிவிட்டது. ஆசாரி வெட்டின உளியடி இப்போது விரலுக்குத் தட்டுப்படுவதில்லை.

நேற்று முன்தினம் வண்டியை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைத் தம்பி டிரில்லைக் கையில் வைத்துக்கொண்டே தயங்கினான். "புது வண்டில யாராச்சும் ஓட்ட போடுவாகளா காக்கா? வாரண்டி போயிரும்." மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "போடு தம்பி" என்றேன். "எங்க போடட்டும்?" என்று அளவுநாடாவை எடுத்தான். நாடா வேண்டாமென்று சொல்லி இடது பின்மூலையில் விரலை வைத்தேன். சுருள்சுருளாகத் தகடு வந்தது. வெட்டின விளிம்பில் துருப்பிடிக்காமல் பெயிண்ட் தடவிக் கொடுத்தான். அடைக்க ஒரு ரப்பர் கார்க்கும் கொடுத்தான்.

ரப்பர் சரியாக உட்காரவில்லை. நேற்று விடியலில் கரையிலிருந்து வரும்போது எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. பள்ளிவாசல் தெரு நீளத்துக்கும் மீன்தண்ணீர் கோடு போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. சுபுஹு தொழுகை முடிந்து வெளியே வந்த பெரியவர் ஒருவர் கோட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். என்ன ஏச்சு வரப்போகிறதோ என்று இறங்கி நின்றேன்.

"ஒங்க வாப்பாதான் இந்தத் தெருவ இப்புடி நனைப்பாக" என்றார். "பாத்து எம்புட்டு வருசமாச்சு."

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெருவைக் கழுவினோம். சீட்டு உறையை மருமகனே கிழித்துவிட்டான். மீன்தண்ணீர் பட்டபிறகு அது எதற்கு என்று. பூவரசங்கொப்பு ஒன்று எங்கே கிடைக்குமென்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.