ஒரு சொல்லைத் தேடி

சில மாதங்களுக்கு முன், அமெரிக்காவின் மலிவான மோட்டார் சைக்கிள் ரவுடிப் படங்கள் பற்றிய கட்டுரை ஒன்று என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் மோட்டார் சைக்கிள் கும்பல்கள் ரகளை செய்தன. பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. 1953இல் மார்லன் பிராண்டோ தோல் ஜாக்கெட்டுடன் 'தி வைல்ட் ஒன்' படத்தில் வந்தார். 1966இல் ரோஜர் கார்மன் 'தி வைல்ட் ஏஞ்சல்ஸ்' எடுத்தார். செலவு சொற்பம். நிஜமான ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கும்பல்காரர்களே துணை நடிகர்கள். வசூல் கொட்டியதும் வரிசையாக நகல்கள் கிளம்பின. தங்களைக் கேவலப்படுத்திவிட்டார் என்று ஏஞ்சல்ஸே கார்மன் மீது வழக்குப் போட்டார்கள் என்பது கூடுதல் வேடிக்கை.

நான் மாட்டிக்கொண்டது ஒரு சொல்லில். இவற்றை ஆங்கிலத்தில் 'எக்ஸ்ப்ளாய்ட்டேஷன்' படங்கள் என்கிறார்கள். 'சுரண்டல் படங்கள்' என்று எழுதி, அடித்துவிட்டேன். சினிமா வியாபாரத்தில் அந்தச் சொல்லுக்கு விளம்பரம், பரபரப்பைக் காசாக்குவது என்றுதான் பொருள்.

எங்கள் எல்லைப் பக்கத்தில் இத்தகைய படங்களுக்குப் பெயர்ப் பஞ்சம் கிடையாது. நான் பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைக்காரன். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம். மாமா இடுக்கியில், பூப்பாறை அருகே ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் மலையிறங்கிப் போடியில் படம் பார்ப்பார். அவருக்கு இயக்குநர் கர்ணன்தான் எல்லாம். 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) என்று வரிசையாகச் சொல்வார். ஜெய்சங்கர், துப்பாக்கி, புழுதி, துரத்தும் காமிரா. ஹார்லி டேவிட்சன் இல்லாத நாட்டில் சட்டத்துக்கு வெளியே ஓடக் குதிரை போதாதா? மாமா அவற்றைக் 'குதிரைப் படம்' என்பார். அவற்றின் கவர்ச்சி பற்றி மட்டும் வீட்டில் வாய் திறக்கமாட்டார்.

இன்னொரு பெயர் 'மலையாளப் படம்'. 2000இல் நான் கோவையில் எம்.ஏ. தமிழ் படித்தபோது 'கின்னாரத் தும்பிகள்' வந்தது. சுவரெல்லாம் ஷகீலா. "உங்க ஊர்ப் படம் வந்திருக்குடா" என்பான் அறை நண்பன். அடூர் கோபாலகிருஷ்ணனும் அரவிந்தனும் படமெடுத்த மொழிக்கு அன்று விடுதியில் ஒரே அர்த்தம்தான். ஷகீலா சென்னைக்காரர், உங்கள் ஊர்தான் என்று சொல்லத் தோன்றவில்லை. கூசிப்போய் இருந்தேன். ஆனாலும் ஒரு காலைக் காட்சிக்கு நானும் போனேன். நடுவில் சம்பந்தமே இல்லாமல் கீறல் விழுந்த ஒரு துண்டு ஓடியது. கேரளத்தில் அது 'துண்டு', நம் பக்கம் 'பிட்டு'. நிறம் வேறு, ஆளும் வேறு. விசில் மட்டும் ஷகீலா பெயருக்கு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் படங்களில் புழுதி தின்ற பீட்டர் ஃபோண்டாவும் ஜாக் நிக்கல்சனும் 1969இல் 'ஈஸி ரைடர்' மூலம் மரியாதைக்குரியவர்கள் ஆனார்கள். ஷகீலாவுக்கு 2020இல் ரிச்சா சத்தா நடித்த வாழ்க்கைப் படம் வந்தது. அதையொட்டிய காலத்தில் விஜய் டிவியின் 'குக்கு வித் கோமாளி'யில் சமைத்தார். எல்லோரும் 'அம்மா' என்று கூப்பிட்டார்கள். கொழிஞ்சாம்பாறையில் என் அம்மா ஒரு வாரம் தவறாமல் அதைப் பார்த்தார். "பாவம், நல்ல பொம்பளையா இருக்கா" என்றார். நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

கட்டுரையில் 'சுரண்டல் படங்கள்' என்றே திரும்ப எழுதி அனுப்பினேன். அச்சில் 'மசாலாப் படங்கள்' என்று வந்திருந்தது.